மூலூத் ஒரு தடவைதான் கேட்டார்

உலகத்திலேயே வயதான இன்டர்ன் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் பள்ளத்தாக்கு தன் வேட்பாளரைத் தைரியமாக அனுப்பி வைக்கலாம். மூலூத்துக்கு அப்போது நாற்பத்து மூன்று நடந்துகொண்டிருந்தது. முன்பல்லில் ஒன்று இல்லை. பேரப்பிள்ளைகள் இல்லையே தவிர, அவர்கள் பிடித்து இழுப்பதற்கான தாடி தயாராக இருந்தது.

பூகம்பத்துக்கு முன்னால் அவர் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. ஏழு மொழிகளில் "பார்த்து, வழுக்கும்" என்று சொல்லத் தெரியும். எட்டாவது மொழி கற்பதற்குள் மலையே வழுக்கிவிட்டது. வீடு போயிற்று. கொட்டகைக் கூரை கோவேறு கழுதையின் மேல் இறங்கியது. மூலூத்தும் மனைவி ரக்கியாவும் அன்றைக்கு அக்ரூட் மரத்தடியில் காய்க்குக் காவல் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். "அல்லாஹ் அக்ரூட் திருடனுங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்" என்று ரக்கியா இன்றைக்கும் துஆ கேட்கிறாள்.

பிறகு புதன்சந்தைக்கு ஒரு பேரிடர் உதவிக் குழு வந்து சேர்ந்தது. (சந்தை கூடும் கிழமையே எங்கள் ஊருக்குப் பெயர்.) இடிந்த பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் வெள்ளைக் கூடாரங்கள் எழும்பின. மூலூத் வேலை கேட்டுப் போனார். படிப்புச் சான்று இல்லாதவரைச் சம்பளத்துக்கு எடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். சம்பளமில்லாமல் எடுக்க மட்டும் விதி தாராளமாக இடம் கொடுத்தது. அந்த இடத்துக்குப் பெயர்தான் இன்டர்ன். மதியச் சாப்பாடு உண்டு. முதுகில் பெரிய எழுத்துப் போட்ட ஆரஞ்சு நிறக் கோட்டு உண்டு. குளிர்காலம் முடியும்போது ஒழுங்கானவர்களுக்கு ஒரு சான்றிதழ், சான்றிதழ் வந்தால் சம்பள வேலை.

"ஏ மனுஷா, நாப்பத்திமூணு வயசுல பள்ளிக்கூடத்துல சேந்துட்டியாமே. சிலேட்டு வாங்கணுமா?" என்றாள் ரக்கியா.

"பள்ளிக்கூடம் இல்லடி. அவசரகால உதவிப் பணி."

"சம்பளம்?"

"சாப்பாடு தர்றாங்க. கோட்டு தர்றாங்க."

"நம்ம கழுதைக்கும் நீ அப்படித்தான் சேணமும் தீனியும் குடுத்தே. அது பாவம், சான்றிதழ் கேக்கல."

குழுவுக்குத் தலைவி கென்ஸா. தலைநகரத்துப் பெண், இருபத்தாறு வயது, மாதக்கணக்காகத் தூங்காத கண்கள். நல்லவள். வந்த வாரமே தன் போர்வையை யாருக்கோ கொடுத்துவிட்டு, கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தவள். எங்கள் மலைமொழி மட்டும் அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவளுடைய நகரத்து அரபியைக் கேட்டால் எங்கள் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஆகவே அவளுக்கு வாயாகவும் காதாகவும் மூலூத் நியமிக்கப்பட்டார். குழுவில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது விதி. அவள் "மூலூத்" என்றாள். அவரால் "லல்லா கென்ஸா" என்றுதான் முடிந்தது. லல்லா என்று மரியாதை சேர்க்காமல் ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் நாக்கு வெந்துவிடும் என்று வளர்க்கப்பட்டவர்.

முதல் நாளே பயிற்சி.

"கேள்விய ஒரே தடவைதான் கேக்கணும்" என்றாள் கென்ஸா. "அவங்க சொல்றதுதான் பதில். நீங்க தலையாட்டக் கூடாது, எடுத்துக் குடுக்கக் கூடாது, திருப்பிக் கேக்கவே கூடாது."

மூலூத் மாணவனைப் போலக் கையைத் தூக்கினார். "லல்லா, எங்க ஆளுங்க முதல் தடவை கேட்டா ஒண்ணும் வேண்டாம்பாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவைதான் நெஜத்தைச் சொல்லுவாங்க."

இதில் மிகை எதுவுமில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் முதல் பதில் மரியாதைக்கு, இரண்டாவது மானத்துக்கு, மூன்றாவதுதான் வயிற்றுக்கு. ரக்கியாவைப் பெண் கேட்டபோது அவள் வீட்டில் இரண்டு தடவை மறுத்தார்கள். மூன்றாவது தடவை கேட்கப் போகையில் அங்கே ஆட்டை அறுத்துத் தோலே உரித்தாகிவிட்டது. ஆறு அடித்துக்கொண்டு போகிற ஒருவனைக் கரையிலிருந்து "சுகமா?" என்று கேட்டுப்பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ், சுகம். நீங்க சுகமா, வீட்ல சுகமா, ஆடு மாடெல்லாம் சுகமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் முழுகுவான். அதற்காக யாரும் முழுகிப் போனதில்லை. கரையில் நிற்பவனும் எங்கள் ஆள். இரண்டாவது தடவை கேட்கும்போதே கயிற்றை வீசியிருப்பான்.

கென்ஸா பொறுமையாகக் கேட்டாள். "புரியுது மூலூத். ஆனா போன வருஷம் வேறொரு இடத்துல இப்படித்தான் ஒருத்தர் திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில ஊர் முழுக்கத் தையல் மெஷின் வேணும்னு வந்து நின்னுச்சு. அவரோட மாமனாருக்கு மட்டும் மூணு. நெஜமாவே பட்டினி கெடந்த வீட்டுக்கு ஒண்ணும் மிஞ்சல. அதனாலதான் இந்த விதி. நீங்க இந்த ஊர்க்காரர் வேற. உங்க மேல எல்லார் கண்ணும் இருக்கும்."

நியாயமான பேச்சு. அதில்தான் வினையே இருந்தது. அநியாயமான பேச்சாக இருந்திருந்தால் மூலூத் மறந்து தொலைத்திருப்பார்.

வேலை எளிது. கேட்டு முடித்ததும் பதிலுக்கு ஏற்றபடி கூடாரத்துக் கயிற்றில் ஒரு ரிப்பன் கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே கணப்பு அடுப்பும் கம்பளிகளும் வந்துவிடும். மஞ்சள் என்றால் பொறுத்து வரும். பச்சை என்றால் வராது. ரிப்பன்களுக்குப் பஞ்சமே இல்லை. மூட்டை மூட்டையாக இருந்தன. அடுப்புகள்தான் கொஞ்சம்.

டிசம்பர் கடைசியில் இமஸ்வானுக்குப் போனார்கள். மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். மூலூத்தின் தங்கை இத்தோ வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். அவள் கணவன் பீஹி ஆடு மேய்ப்பவன், வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன். பூகம்பத்துக்குப் பின் அக்டோபரில் கூடாரத்திலேயே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. தூதா என்று பெயர் வைத்தார்கள்.

வழியிலேயே மூலூத் நேர்மையாகச் சொல்லிவிட்டார். "லல்லா, அங்க ஒண்ணு என் தங்கச்சி வீடு."

"அப்ப அங்க நீங்க கேக்கறது முறை இல்ல" என்றாள் கென்ஸா. பிறகு, "ஆனா வேற யாருக்கு இந்த மொழி தெரியும்? கேளுங்க. ஜாக்கிரதையாக் கேளுங்க" என்றாள்.

பீஹி தூரத்திலேயே கோட்டைப் பார்த்துவிட்டான். "வாங்க அரசாங்கமே! என்ன மச்சான் இது, பூசணிக்காய்க்குக் கை மொளச்ச மாதிரி வர்றே?"

ஊர் முறைப்படி உபசாரம் நடந்தது. கல் மேல் கல் நிற்காத ஊரில் கம்பளம் விரிந்தது. ரொட்டி வந்தது, ஆலிவ் எண்ணெய் வந்தது. இத்தோ சர்க்கரைக் கூம்பின் அடிக்கட்டையைச் சுத்தியலால் தட்டி உடைத்தாள். அது சுற்றி வந்த நீலக் காகிதம் கீழே தெரிந்தது. வீட்டில் அதுதான் கடைசிச் சர்க்கரை. மூலூத் அதைப் பார்த்தார். கோடைக்காலத்துக் கூடாரம் ஒற்றைத் துணியாகக் காற்றில் படபடப்பதையும் பார்த்தார். உள்ளே தூதா இருமினாள். பெரிய இருமல் ஒன்றுமில்லை. கதவுக்கு வெளியே பூனைக்குட்டி தும்முகிற அளவுதான்.

மூலூத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பயிற்சியில் படித்த வாசகத்தைச் சொன்னார். "உங்கள் குடும்பத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஏதேனும் உண்டா?"

பீஹி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். "யாரு, என்னையா கேக்குறே?"

"உன்னத்தான்."

பீஹி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். வந்திருப்பது நகரத்து விருந்தாளி. கூட நிற்பது மனைவியின் அண்ணன், அதுவும் பதவியில். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல. மேலத் தெருவுல கஷ்டப்படுறவங்க இருக்காங்க. அவங்களப் பாருங்க."

இது முதல் பதில். இனி மூலூத் "அட, சும்மா சொல்லுடா" என்று கேட்க வேண்டும். அவன் மறுபடி மறுக்க வேண்டும். பீஹி அவசரப்படவில்லை. கெண்டியை உயரத் தூக்கி, நுரை பொங்கத் தேநீரை ஊற்றினான். மறுபடி கெண்டிக்குள் கொட்டினான். மறுபடி ஊற்றினான், கொட்டினான், ஊற்றினான். ஒரு மனிதனுக்குக் கேள்வி கேட்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட அதிகமாகவே கொடுத்தான். உள்ளே இத்தோ பிள்ளையை ஆட்டுவதை நிறுத்திக் காதைக் கொடுத்தாள்.

மூலூத் வாயைத் திறந்தார். கென்ஸா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்து அடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றார்?" என்றாள் கென்ஸா.

"ஒண்ணும் வேண்டாமாம், லல்லா."

"நெஜமாவா? கைக்குழந்த இருக்கே."

"என் தங்கச்சி வீடு லல்லா. அதனால சொன்னத அப்படியே சொல்றேன். கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

கென்ஸாவின் கண்கள் மரியாதையில் விரிந்தன. மூலூத் பச்சை ரிப்பனை எடுத்துத் தம் கையாலேயே கயிற்றில் கட்டினார். கழுதைக்குச் சுமை கட்டிய பழக்கம், முடிச்சு பிரமாதமாக விழுந்தது. பச்சை எங்களுக்குப் பரக்கத்தான, அருள் சேர்க்கிற நிறம், தர்காவுக்குப் போர்த்துகிற நிறம். "பாத்தியா இத்தோ, உங்கண்ணன் நமக்கு நல்லதாப் பாத்துக் கட்டிருக்கான்" என்று பீஹி பெருமைப்பட்டுக்கொண்டான்.

அன்று மாலைக்குள் இமஸ்வான் முழுவதும் பச்சை பூத்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு சிவப்பு, அது காஸா ஹம்மூவுடையது. கஸாபிளாங்காவில் பத்துப் பன்னிரண்டு வருடம் டாக்சி ஓட்டிவிட்டுத் திரும்பியதால் அந்த அடைமொழி. கேட்டவுடனே, "அடுப்பு, கம்பளி நாலு, மெத்த ரெண்டு, அப்புறம் இங்க போன் சிக்னல் சரியில்ல, அதயும் பாருங்க" என்றான். நகரத்தில் மானம் மரியாதையெல்லாம் மீட்டர் போட்டு ஓடும் போலிருக்கிறது. மறுநாளே அவனுக்கு எல்லாம் வந்தன, சிக்னல் தவிர.

வீட்டுக்கு வந்ததும் ரக்கியா முதலில் கேட்டது தங்கையைத்தான். மூலூத் சொன்னார்.

"ரெண்டாவது தடவ கேட்டியா?"

"விதி..."

"கேட்டியா, இல்லையா?"

"இல்ல."

ரக்கியா வழக்கமாக ஏதாவது குத்திப் பேசுவாள். அன்றைக்கு எழுந்து போய்த் தங்களிடமிருந்த இரண்டு கம்பளிகளில் தடித்ததை எடுத்து மடித்துக் கூடாரத்து வாசலில் வைத்தாள். "வெள்ளிக்கிழம லீவுதானே, கொண்டு போய்க் குடு" என்றாள். அதோடு, "அதுக்கு முன்னாடி நாளைக்கே அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

சொல்வதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் மறுநாள் காலை மூலூத் போனார். குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பல ஊர்களிலிருந்து வந்த பணியாளர்கள், பெரிய அதிகாரி ஒருவர். கென்ஸா எழுந்து நின்று, "தன் சொந்தத் தங்கச்சி கூடாரத்துக்கே பச்சை கட்டினவர் நம்ம மூலூத்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அதிகாரி எழுந்து வந்து கை குலுக்கினார். வாழ்நாளில் மூலூத்துக்கு யாரும் கைதட்டியதில்லை. செங்குத்துப் பாறையில் ஒரு ஜெர்மன்காரியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதுகூட அவள் வெறும் நன்றிதான் சொன்னாள். கைதட்டல் எப்போது ஓயும், ஓய்ந்ததும் அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசித்தபடி நின்றார். ஓய்ந்தது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாயங்காலம் வேறு பள்ளத்தாக்கில் இருந்தார். வெள்ளிக்கிழமை எப்படியும் கம்பளியோடு போகிறோமே என்று நினைத்தார்.

பனி வியாழக்கிழமையே வந்துவிட்டது. வருடங்களாக யாரும் பார்க்காத பனி. இமஸ்வான் பாதை மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கம்பளியைச் சுமந்துகொண்டு பாதி தூரம் போன மூலூத்தை, இடுப்பளவு பனியிலிருந்து இரண்டு பேர் இழுத்துக் கீழே கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை மதிய லுஹர் தொழுகைக்கு முன் போன் அடித்தது. ஹம்மூ. கிடைக்காத சிக்னலைத் தேடிப் பாறை மேல் ஏறி நின்று பேசினான்.

"மூலூத் அண்ணே, அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்."

யார் போனது என்று மூலூத் கேட்கவில்லை.

பாதையை வெட்ட இயந்திரம் வரும்வரை காத்திருக்கச் சொன்னாள் கென்ஸா. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூலூத்தே சொன்னார், ஒரே மூச்சில், சின்ன இருமல் வரைக்கும். அவள் கிடங்கைத் திறந்துவிட்டு, வாசலில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூலூத் ஓர் இரும்பு அடுப்பை எடுத்துக் கயிறு போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டார். ரக்கியா வந்து கம்பளியை அதன் மேல் வைத்துக் கட்டினாள். கட்டும்போது கழுதையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இம்முறை பனி இறுகியிருந்தது. ஏறிப் போய்ச் சேரும்போது மாலை அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. ஊர் எல்லையில் ஹம்மூ நின்றுகொண்டிருந்தான். சுமையை வாங்கக் கை நீட்டினான். மூலூத் கொடுக்கவில்லை.

"அண்ணே, நேத்து ராத்திரி நான் போனேன்" என்றான் ஹம்மூ. "என் அடுப்ப எடுத்துக்க பீஹின்னேன். வேண்டாம்னான். சத்தியமா வேண்டாம்னுதான் சொன்னான். சரின்னு வந்துட்டேன். படுத்தப்புறம்தான் உறைச்சுது, நான் ஒரு தடவைதானே கேட்டேன்னு. கஸாபிளாங்காவுல இருந்து இருந்து மறந்தே போச்சுண்ணே."

கபர்க்குழியை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. பனியை விலக்கி, உறைந்த மண்ணைக் கடப்பாரையால் கொத்தித் தோண்டியிருந்தார்கள். ஒரு ரொட்டித் தட்டு அகலம்தான் இருக்கும். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவில் இடமே இல்லை.

பீஹிதான் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவன், முதுகைத் தட்டிக்கொடுத்ததும் அவனே. "வா மச்சான், உக்காரு. கை எப்படி வெறச்சிருக்கு பாரு. இத்தோ, டீ வை." சர்க்கரை இல்லாத தேநீர் வந்தது. கூடாரத்துக் கயிற்றில் பச்சை ரிப்பன் உறைந்து, தகரம் போல் நீட்டிக்கொண்டு நின்றது. முடிச்சு கொஞ்சமும் நெகிழவில்லை.

"ஏன்டா சொல்லல?" என்றார் மூலூத். "நான் யாருடா உனக்கு?"

பீஹி தேநீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ மறுபடி கேப்பேன்னு இருந்தேன் மச்சான். டீய மூணு தடவ ஆத்துனேன். நீ கேக்கல. சரி, இவன் கையில குடுக்க ஒண்ணும் இல்ல போலருக்கு, அதான் கேக்க மாட்டேங்கிறான்னு நெனச்சேன். நான் வேணும்னு சொல்லி, நீ இல்லன்னு சொல்ல வேண்டி வந்தா, அந்தப் பொண்ணு முன்னாடி உனக்கு என்ன மரியாத? அதான் விட்டுட்டேன்."

கிடங்கில் அன்றைக்கு அடுப்புகள் இருந்தன. சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் அவர்தான் அவற்றின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்திருந்தார்.

பிற்பாடு குழுவின் கையேட்டில் ஒரு புதிய வரி சேர்ந்தது. இந்தப் பகுதியில் கேள்வியை மூன்று தடவை கேட்க வேண்டும். கென்ஸா மேலதிகாரிகளோடு சண்டை பிடித்துச் சேர்க்க வைத்த வரி அது. தூதா என்ற பெயர் அதில் இல்லை, கையேட்டில் பெயர் போடும் வழக்கம் இல்லை. வசந்தத்தில் மூலூத்தின் சான்றிதழும் வந்தது. "பாரபட்சமற்ற சேவைக்காக" என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ரக்கியா அதை வாங்கி நாலாக மடித்து, கூடாரத்துக் கம்பத்தின் ஆட்டம் நிற்க அடியில் சொருகினாள்.

அடக்கம் நடந்த அன்றைக்கு இத்தோவின் கூடாரத்தில் அடுப்பை மாட்டிக் குழாயை வெளியே விட்டு நெருப்பு மூட்டியது மூலூத்துதான். நன்றாகவே எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கோட்டைக் கழற்ற வேண்டிய அளவுக்கு வெப்பம். ஹம்மூவும் தன் அடுப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஊரிலிருந்து ஆளுக்கொன்றாகக் கம்பளிகள் வந்து ஒரு மூலையில் குவிந்தன. கைக்குழந்தைக்கென்று கட்டியிருந்த தொட்டில் துணி, அந்தக் குவியலுக்கு மேலே, காலியாகத் தொங்கியது.

இத்தோ அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. விருந்தாளிக்கு முன்னால் அழக் கூடாது என்பது எங்கள் முறை.

மூலூத் அவளருகே குந்தி உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றித் தூர வைத்தார்.

"உனக்கு ஏதாச்சும் வேணுமா இத்தோ?"

"ஒண்ணும் வேண்டாம்ணே. அல்ஹம்துலில்லாஹ்."

நெருப்பில் ஒரு விறகு வெடித்தது. மூலூத் கொஞ்சம் பொறுத்தார். கேட்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு பொறுத்தார்.

"சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லண்ணே. நீ பொறப்படு, பாத மறுபடி மூடிரப் போவுது."

இரண்டு தடவை ஆகிவிட்டது. இத்தோ முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவள் உதடுகள் கொஞ்சம் விலகியிருந்தன. இனி அவர் கேட்டால் போதும், அவள் நிஜத்தைச் சொல்லிவிடுவாள். எங்கள் வழக்கம் அப்படி, யாரும் அதை மீறியதில்லை.

மூலூத் அவள் முகத்தைப் பார்த்தார். மூலையில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தார். அடுப்புக் கதவைத் திறந்து, தேவையில்லாமல் இன்னொரு விறகை உள்ளே தள்ளினார்.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.